ஆறு வீட்டு வண்டி

போர்வெல் போடும் அந்த ரிக் வண்டி முதன்முதலில் அத்தை வீட்டு வாசலுக்கு வந்த காலையில், அதன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க ஆறு வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். எங்கள் சொந்தத்துக்குள் பத்திரம் எழுதுகிறார்களோ இல்லையோ, பழம் வைத்தவர் வண்டிக்குப் பங்குதாரர். முன்சக்கரம் யாருக்கு என்பதில் கொஞ்சம் முறைப்பு இருந்தது. அத்தை ஒரே பேச்சில் முடித்தார். "மூத்தவரு எங்கண்ணன். முன்னால அவருதான் வெப்பாரு." என் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து வைத்தார். பழங்கள் நசுங்கிய புளிப்பும் புதுப் பெயிண்டும் கலந்து அடித்த அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவர் வீட்டுக்காரர், எங்கள் மாமா, திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் சம்பளத்துக்கு வடக்கே போய் போர் போட்டே பாதி வயதைக் கழித்தவர். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பைனான்ஸில் கடன் எடுக்கலாம் என்றார் மாமா. "மாசாமாசம் தவணையக் கட்டிப்போட்டா நம்மள ஏன்னு கேக்க ஆளில்லை." அத்தைக்கு அது ஆகவே ஆகாது. தவணை தவறிய ஒரு வண்டியை நடுரோட்டில் மறித்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். "கடன் குடுத்தவன் வாசல்ல வந்து நின்னா மானம் போயிரும். பங்கு போட்டவங்க வந்து நின்னா காப்பி போட்டுக் குடுக்கலாம்," என்று சொல்லிவிட்டு, தானே சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசிப் பங்கு சேர்த்துக்கொண்டு வந்தார். அப்பாவும் என் கல்யாணத்துக்கு என்று சேர்த்திருந்ததை எடுத்துக் கொடுத்தார்.

வண்டி சத்தீஸ்கருக்குப் போனது. போன மறுநாளே மாமாவுக்கு ஆறு முதலாளிகள் முளைத்துவிட்டார்கள். சாயங்காலமானால் வரிசையாகப் போன் வரும். இன்றைக்கு எத்தனை அடி இறங்கியது, டீசல் எங்கே அடித்தீர்கள், கம்ப்ரசர் ஏன் நேற்று நின்றது. குழிக்குள் இறங்கும் ராடை வாழ்க்கையில் தொட்டுப் பார்க்காதவர்கள்கூட எந்த மண்ணுக்கு எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டார் தங்கள் மச்சானை டிரைவராகப் போடச் சொல்லி அனுப்பினார்கள். அவருக்கு மலைப்பாதை ஆகாது, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தார். மாமா ஒருவரையும் கடிந்து பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது.

இரண்டாவது பருவத்தில் ஒரு குழிக்குள் ராடும் அதன் நுனியில் பாறையை உடைக்கும் சுத்தியலும் மாட்டிக்கொண்டு மேலே வரவேயில்லை. அந்தப் பருவத்து வருமானம் மண்ணுக்குள் போயிற்று. கடனாக இருந்திருந்தால் வண்டியையே தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஆறு வீட்டிலும் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. "தொழில்னா அப்பிடித்தானுங்க, உடுங்க," என்றார்கள். அன்றைக்கு அத்தை மாமாவைப் பார்த்த பார்வையில் அத்தனை பெருமை. நானும் அத்தை சொன்னதுதான் சரி என்று நம்பினேன். பொறுமைக்கும் ஒரு தவணைத் தேதி உண்டு என்பதும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

அடுத்த தையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பங்கு போட்டவர் வீட்டில் கல்யாணம் என்றால் அந்தப் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இல்லை என்று சொல்லக் கூடாது. கேட்கிறவரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார். வெற்றிலைத் தட்டில் பத்திரிகையோடு இரண்டு எலுமிச்சம்பழம் வைத்து நீட்டுவார், அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் தட்டோடு வந்தபோது நான் அத்தை வீட்டு அடுப்படியில் காபி கலக்கிக்கொண்டிருந்தேன்.

"வெச்சிருக்கோம் அம்மிணி. பாத்துக்க," என்றார் அப்பா.

அத்தை தட்டைப் பார்த்தார். பத்திரிகையை அல்ல, பழத்தை. "பாத்துக்கறேனுங்ண்ணா," என்றார்.

காபியைக் கொண்டுபோய் வைத்தேன். சர்க்கரை இருக்கிறது, வேண்டாம் என்றார் அப்பா. வீட்டில் டம்ளருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் குடிக்கிற மனிதர். ஆடை படர்ந்து ஆறிப்போன அந்தக் காபியை நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினேன். இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று அன்றைக்கு நான் சொல்லியிருந்தாலும் யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

ஒரு பங்கு வெளியேறுகிறது என்று தெரிந்ததும் கடைசியில் நிற்கிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது என்ற பயம் மற்ற வீடுகளுக்கு வந்துவிட்டது. ஒருவர் வீடு கட்டுகிறார், ஒருவர் மகனை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். எல்லாரும் அத்தை வாசலுக்கு வந்தார்கள், நல்லபடியாகத்தான் பேசினார்கள், ஒருவரும் காபி குடிக்கவில்லை. வண்டியைச் சக்கரம் சக்கரமாகப் பிரித்துக் கொடுக்க முடியுமா? அத்தையும் மாமாவும் விற்றுத்தான் கொடுத்தார்கள். மாமா ரயிலில் வந்து இறங்கி, ஒரு மாதம் போல வீட்டில் இருந்துவிட்டு, மறுபடி இன்னொருவர் வண்டிக்குச் சம்பளத்துக்குப் போனார்.

என் கல்யாணத்தில் அத்தை பந்தியில் நின்று பரிமாறினார். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு அண்ணனும் தங்கையும் "வாங்க", "சாப்பிடுங்க" என்பதைத் தாண்டிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா கண்ணை மூடுகிற வரை அப்படியே போய்விட்டது. அவர் கேட்டதும் தப்பில்லை, அத்தை கொடுத்ததும் தப்பில்லை. அதனால்தான் யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் என் மனசு இன்றுவரை ஆறவில்லை.

இப்போது நான் துண்டு மடித்துத் தைத்து அனுப்பும் சின்ன யூனிட் ஒன்று நடத்துகிறேன். சரக்கு ஏற்றிப் போக ஒரு சின்ன வண்டி தேவைப்பட்டது. "எதுக்குக்கா வட்டி கட்டறே, நான் பங்கு போடறேன்," என்றான் தம்பி. வேண்டாம் என்றேன். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்துக் கடன் வாங்கினேன். என்னை நம்பவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனவன் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. மாதம் பிறந்தால் தவணை நினைப்பில் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. தம்பியை இழக்காமல் இருக்கத்தான் கடன் வாங்கினேன், அதற்கும் அவன் கோபித்துக்கொண்டான்.

வண்டி வந்த அன்று அத்தையை மட்டும் கூப்பிட்டிருந்தேன். முடி முழுக்க நரைத்துவிட்டது, நடை மட்டும் அதே வேகம். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எத்தனை பேரு சாமி பங்கு?"

"யாருமில்லீங்க அத்தை. லோனுங்க."

மூன்று சக்கரத்துக்கு நானே பழம் வைத்தேன். நான்காவதை, முன்சக்கரத்துக்கு உரியதை, அவர் கையில் கொடுக்கப் போனேன். அத்தை கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"நான் வெச்சா அது என்ற பங்காயிரும் கண்ணு. நீயே வெய்யி."

வைத்தேன். வண்டி ஏறி இறங்கியது, அதே புளிப்பு வாசனை. உள்ளே கூட்டிப்போய்க் காபி கொடுத்தேன். அத்தை டம்ளரை வாங்கி, சூடு ஆறுவதற்குள், கடைசிச் சொட்டு வரை குடித்தார்.