இருட்டாக்கிப் பார்க்கும் ராசப்பன்

மெயின் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டு, இருட்டில் நாற்காலியைத் துழாவி உட்காருகிறார் ராசப்பன். வீட்டுக்காரர்கள் திகைத்து நிற்கிறார்கள்.

"இப்ப எது இல்லாம முடியலைன்னு சொல்லுங்க. அதுக்குத் தக்கன இன்வெர்ட்டர் பாக்கலாம்."

"டிவிங்க," என்கிறார் அந்த வீட்டுக் குழந்தையம்மாள்.

"சீரியல்ல அழுவறவங்க நாளைக்கும் அழுவாங்கம்மா. வேற சொல்லுங்க."

கொல்லிமலையில் வயரிங் வேலை பார்க்கும் ராசப்பனுக்கு ஐம்பது வயதிருக்கும். இன்வெர்ட்டர் வாங்கச் சேந்தமங்கலத்துக்கு பஸ் ஏறுகிறவர்கள் முதலில் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். ஃபிரிட்ஜ், மிக்ஸி என்று ஒவ்வொன்றின் முதுகிலும் செல்போன் வெளிச்சத்தை அடித்து, மூக்கு உரசக் குனிந்து வாட் கணக்கைப் படிப்பார். இன்வெர்ட்டர் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பதை மட்டும் நம்ப மாட்டார். "தொள்ளாயிரம் வி.ஏ.ன்னு போட்டிருந்தா எழுநூறு வாட்டுன்னு வெச்சுக்கங்க. மோட்டார் வெச்ச சாமான் கிளம்பையில ரெண்டு மூணு மடங்கு இழுக்கும். அதையும் அது தாங்கோணும்."

போன வாரம் கலைச்செல்வியின் வீட்டில் அவர் கை மெயினுக்குப் போனதும், அவள் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இறக்கிராதீங்கண்ணா. அவரு மிஷின்ல இருக்காரு."

உள்ளே கட்டிலில் அவள் கணவர் மாணிக்கம், மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தார். கல்குவாரித் தூசி அவர் நுரையீரலைத் தின்றுவிட்டது. பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் இரைந்துகொண்டிருந்தது. போன மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போனபோது, நீலம் பாரித்த அவரை ஜீப்பில் கிடத்தி, வளைவுக்கு வளைவு பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி கீழே கொண்டுபோனவள் கலைச்செல்வி.

ராசப்பன் மிஷினின் முதுகைப் படித்தார். பிறகு அடுப்படியில் இருந்த பெரிய கிரைண்டரின் முதுகை. அவள் மாவு அரைத்து விற்றுத்தான் அந்த வீடு நடக்கிறது.

"கிரைண்டரும் ஓடற மாதிரி வாங்கிரலாங்க மச்சான்," என்றார் மாணிக்கம்.

"வேண்டாங்ண்ணா. மிஷினுக்கு மட்டும் போதும்," என்றாள் கலைச்செல்வி.

"மாவு அரைக்காட்டி சோத்துக்கு என்ன பண்ணுவ?"

"நீங்க இல்லாட்டி எனக்கெதுக்குச் சோறு?"

மாணிக்கம் ராசப்பனைப் பார்த்தார். "பெருசா வாங்கினா ரெண்டும் ஓடுமில்லீங்க?"

"ஓடும் மாப்ள. ஆனா நம்மால வாங்க முடியறது ஒத்தப் பேட்டரி. மிஷின் மட்டும்னா நாலு மணி நேரம் தாக்குப் பிடிக்கும். கிரைண்டரும் சேந்தா, அது குடிச்சது போக மிச்சந்தான் உங்க மூச்சுக்கு."

மாணிக்கம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோளைத் தொடப்போன கலைச்செல்வி, போர்வையை மட்டும் சரிசெய்துவிட்டு வெளியே வந்தாள். "சைன்வேவ்னு கேட்டு வாங்கு கண்ணு, அதுலதான் கரண்ட் லைன்ல வர்ற மாதிரியே சீரா வரும்," என்றார் ராசப்பன் மெதுவாக. "மலிவா இருக்குதுன்னு மத்ததை எடுத்தா மிஷின் கெட்டுப்போயிரும்."

நேற்று இன்வெர்ட்டர் மலையேறி வந்தது. கிரைண்டரின் வயரை அதில் சேர்க்காமல் தனியாகப் பிரித்துவிட்டு, கடைசித் திருகாணியை அவர் முடுக்கிக்கொண்டிருக்கையில் வெளியே காற்று சுழன்றடித்தது. கரண்ட் போனது. மிஷின் ஒரு தடவை கீச்சிட்டது. பிறகு பழையபடி இரைந்தது.

"ஓடுதுங்ண்ணா," என்றாள் கலைச்செல்வி.

ராசப்பன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். கட்டிலருகே போய், மாணிக்கத்தின் முதுகில் உள்ளங்கையைப் பதித்து, அது மூச்சில் ஏறி இறங்கும்வரை அப்படியே நின்றார்.