தேன்பாறைக்கு வழி எழுதினேன்

எங்கள் தர்மபுரி மாவட்டத்து மலையொன்றில் தேன் எடுக்கும் நண்பர், தேனடைகள் தொங்கும் தன் தேன்பாறையை எனக்குக் காட்டினார். அடையில் பாதியைத் தேனீக்களுக்கே விட்டுவிடுவார். திரும்பும் பேருந்திலேயே அதைக் கைப்பேசியில் எழுதி என் வலைப்பூவில் பதிவிட்டேன். எதையும் துல்லியமாகக் குறிப்பது என் வழக்கம். அதனால் ஓடையிலிருந்து எத்தனை அடி என்பதுவரை வழியையும் எழுதியிருந்தேன்.

மறுமாதம் போனபோது பாறை கரிந்து கிடந்தது.

“நீங்க எழுதுனதப் போன்ல பாத்துக்கிட்டே யாரோ வந்திருக்காங்க. தீ வெச்சு மொத்த அடையும் அறுத்துட்டாங்க. இனி ஈ வராதுங்க சார்” என்றார் நண்பர். இப்போது செங்கல் சூளை வேலைக்குப் போகிறார்.

பதிவை அன்றே நீக்கினேன். இப்போதெல்லாம் பயணத்தில் எதையும் பதிவிடுவதில்லை. சம்பந்தப்பட்டவரிடம் படித்துக் காட்டிய பிறகே வெளியிடுகிறேன். இதையும் அவரிடம் படித்துக் காட்டினேன்.

“போடுங்க சார். மலை பேரு மட்டும் வேணாங்க” என்றார்.