அக்காவின் குட்டி ரம்பம்

எங்கள் அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடையின் முன்பக்கம் நின்று, சட்டத்தை மாட்டி மாட்டிப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களுக்குச் சமாதானம் சொல்வது மற்றவர்கள் பாடு. அக்கா உள்ளறையில் உட்கார்ந்து, லென்ஸைத் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துவாள். மயிரிழை கூடினால் உள்ளே ஏறாது. மயிரிழை குறைந்தால் ஆள் குனிந்த இடத்தில் கழன்று விழும். அப்படியே பழகிப் போனவள். வீட்டில் ஒரு இழுப்பறை சரியாக மூடவில்லை என்றால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

மரவேலை அவளுடைய பொழுதுபோக்கு. துணி காயப்போடும் பால்கனியில் ஒரு பழைய மேசையைப் போட்டு, கைரம்பமும் உப்புத்தாளுமாக ஏதாவது செய்துகொண்டிருப்பாள். கண்ணாடி வைக்கிற பெட்டி, சாவி மாட்டுகிற பலகை, இப்படி. ஒரே அகலத்தில் மெல்லிய பட்டைகளாக அறுக்க முடியவில்லையே என்ற குறை மட்டும் நெடுநாளாக அவளுக்கு இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாங்கி வந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு மேசை ரம்பம் இருந்தது. மேசை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கலாம், அவ்வளவுதான். மேல்தகட்டின் நடுவே சின்னப் பல்சக்கரம் ஒன்று எட்டிப் பார்த்தது.

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், மரக்கடையில் பெரிய ரம்பம் ஓட்டுகிறவர். அவர் அந்த மெஷினை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன இது, ரம்பம் குட்டி போட்டுடுச்சா?"

"சிரிக்காதீங்க. நல்லா அறுக்கும்னு சொன்னாங்க."

"அறுக்கும், அறுக்கும். கேரட்டைக் குடு, வட்ட வட்டமா அறுக்கும்."

சொன்னதோடு விடவில்லை. கட்டில்காலில் மிஞ்சிய கட்டை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அக்கா அதைத் தள்ளினாள். ரம்பம் பாதி தூரம் போய், மூக்கடைத்தவன் மாதிரி முனகி நின்றுவிட்டது. மாமா வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்கு அதுதான் இன்னும் எரிச்சல். ரம்பத்தைத் துணி போட்டு மூடி மேசைக்கடியில் தள்ளிவிட்டாள்.

அதை மறுபடி வெளியே எடுக்க வைத்தவர் ஒரு பஸ் டிரைவர். வருஷக்கணக்காக அந்தக் கடையில் கண்ணாடி போட்டவர். ஒவ்வொரு தடவையும் லென்ஸின் கனம் ஏறிக்கொண்டே வந்தது. இந்தத் தடவை மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் சீட்டைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. முன்பக்கம் இருந்தவர்கள் சொல்லத் தயங்க, அவளே வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, இனிமே எந்த லென்ஸ் போட்டாலும் உங்களுக்குப் பிரயோஜனம் இருக்காது. வீணா வாங்காதீங்க."

"டாக்டரும் அதைத்தாம்மா சொன்னாரு. நீயும் ஒரு வார்த்தை சொல்லிட்டா மனசு அடங்கும்னு வந்தேன்." பழைய கண்ணாடியைக் கழற்றி மடக்கினார். "வண்டி ஓட்ட முடியலைன்னுகூட வருத்தம் இல்லை. டிப்போவுல தினம் செஸ் ஆடுவேன். அது போச்சு பாரு, அதான் தாங்கலை."

பார்வையில்லாதவர்களுக்கென்று தனிப் பலகை இருக்கிறது என்றாள் மகள். கறுப்புக் கட்டங்கள் வெள்ளையைவிட உயரமாக இருக்குமாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை, காய்களின் அடியில் ஒரு முளை. குத்தி நிறுத்திவிட்டால் கைபட்டாலும் சாயாது. அவர் புதிதாகச் சேர்ந்திருந்த பார்வையற்றோர் சங்கத்தில் அப்படி ஒரே ஒரு பிளாஸ்டிக் பலகை இருந்தது. துளைகள் எல்லாம் தளர்ந்து, தொட்டாலே காய்கள் சாய்ந்துகொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் அக்கா ரம்பத்தை எடுத்துத் துணியை உதறினாள்.

கறுப்பு மரத்தில் பட்டைகள், வெளிர் மரத்தில் பட்டைகள், எல்லாம் ஒரே அகலம். கறுப்பு மட்டும் ஒரு நகக்கனம் கூடுதல் உயரம். மாற்றி மாற்றி ஒட்டிக் காயவைத்து, பிறகு குறுக்கே அறுக்க வேண்டும். வரும் துண்டுகளில் ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பி ஒட்டினால் கட்டங்கள் தாமாக அமைந்துவிடும். காகிதத்தில் அழகாக இருந்தது. செய்து பார்த்தபோது கட்டங்கள் ஒரு ஓரத்தில் சேர்ந்தும் மறு ஓரத்தில் பிளந்தும் பல்லிளித்தன.

மாமா அதைத் தடவிப் பார்த்தார். இந்தத் தடவை கிண்டல் இல்லை. "குடு, நான் கடையில அறுத்துட்டு வர்றேன்" என்று மரத்தை எடுத்துப் போனார். திரும்பி வந்த பட்டைகளின் ஓரமெல்லாம் நார்நாராகப் பிய்ந்திருந்தது. அவரே தலையைச் சொறிந்தார்.

"அது வாசக்கால் அறுக்குற பல்லு. இவ்வளவு மெல்லிசுக்கு ஆகலை."

"அப்ப என் குட்டிதான் அறுக்கணும்" என்றாள் அக்கா.

எங்கே கோணுகிறது என்று தேட ஆரம்பித்தாள். மரத்தை நேராக அணைத்துத் தள்ள, ரம்பச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சட்டம் உண்டு. அதை முன்னால்தான் திருகி இறுக்க முடியும், பின்முனை சும்மா கிடக்கும். மரம் அழுத்தினால் அந்த முனை விலகிக்கொடுத்தது. கண்ணுக்குத் தெரியாத விலகல்தான், ஆனால் அவளுடைய தொழிலே அதில்தானே. அந்தச் சட்டத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, நேரான கெட்டி மரம் ஒன்றை வைத்து இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்கினாள். பல் நெருக்கமான சக்கரம் ஒன்றை மாட்டினாள். ஒட்டிய பலகை தொங்காமல் இருக்க, ரம்பத்தின் இரு பக்கமும் அதே உயரத்துக்குப் பலகைப் பெட்டிகள் செய்து வைத்தாள். விரல் அருகே போகாமல் தள்ளுவதற்கு ஒரு குச்சி. முக்கியமாக, அவசரத்தை விட்டாள். மோட்டார் முனக ஆரம்பித்தால் தள்ளுவதை நிறுத்தி, அது மூச்சு வாங்கியதும் மறுபடி தள்ளினாள்.

அடுத்த பலகையில் நகம் நுழைய இடம் இல்லை.

பஸ் டிரைவர் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அவர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, வரிசை வரிசையாக விரலை ஓட்டினார். மூலைக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது வெள்ளைக் கட்டம். யானை நிக்கிற இடம்." அதைச் சுற்றிப் பக்கத்துக் கட்டங்களைத் தொட்டார். பிறகு மகளிடம், "அந்த டிப்போ டைம்கீப்பருக்குப் போன் போடு. முன்னே என்கிட்டத் தோத்தவன். கண்ணு போயிடுச்சு, இனி தப்பிச்சோம்னு நினைச்சிருப்பான். வரச் சொல்லு" என்றார்.

டைம்கீப்பர் வந்தார், ஆடினார், தோற்றார். அந்தச் செய்தி சங்கத்துக்குப் போய், அங்கிருந்து ஆள் வந்து, அக்கா மேலும் பலகைகள் செய்தாள். மாமா கடையில் மிஞ்சும் துண்டுகளை நிறம் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருவார். துளை போடுவது அவர் வேலை. காய்களுக்கு முளை வைப்பது என் வேலை.

இதற்கிடையே மாமாவின் கடை வாடிக்கையாளர் ஒருவர், இந்த மாதிரிச் சின்ன ரம்பம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். மாமா அவரை நேரே பால்கனிக்கு அழைத்துவந்துவிட்டார். "எங்க வீட்டுல கேட்டுக்குங்க. இதுல அவங்க சொல்றதுதான்."

"கதவு, கட்டில் செய்யணும்னா வாங்காதீங்க, தண்டம்" என்றாள் அக்கா. "சின்னப் பெட்டி, பட்டை, இந்த மாதிரி வேலைன்னா வாங்கலாம். ஆனா வாங்கின அன்னைக்கே நல்லா அறுக்காது. அதோட உக்காந்து சரி பண்ணப் பொறுமை இருக்கான்னு பாத்துக்குங்க."

சங்கத்தில் போட்டி நடந்த அன்று எங்களையும் அழைத்திருந்தார்கள். நீளமான அறை. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் அக்கா செய்த பலகை. யாரும் பேசவில்லை. முளை துளையில் இறங்குகிற சத்தம் மட்டும் அங்கங்கே கேட்டது. ஒருவர் எழும்போது முழங்கை பட்டுப் பலகையே நகர்ந்தது, ஒரு காயும் சாயவில்லை. மாமா என் தோளைப் பிடித்து அழுத்தினார். அந்தப் பிடியின் வலி மறுநாள்வரை இருந்தது. சங்கத் தலைவர் அக்காவின் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மரவேலை செய்யிற கைதான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கைதட்டல் எழுந்தது. அக்கா பழக்கமில்லாமல் தலை குனிந்துகொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ யோசித்துக்கொண்டே வந்தாள்.

"என்னக்கா, சந்தோஷமா?"

"அது இருக்கட்டும். நாலஞ்சு பேரு பலகையை எந்தப் பக்கம் வைக்கணும்னு தடவித் தடவித் தேடினாங்க, கவனிச்சியா? அடுத்ததுல ஒரு மூலையை மட்டும் சீவி விடணும். தொட்டதும் தெரியும்." அப்படியே முன்சீட்டில் இருந்த மாமாவின் முதுகைத் தட்டினாள். "நாளைக்குக் கறுப்புத் துண்டு இருக்கா பாருங்க."

மாமா திரும்பிப் பார்க்காமலே, "எடுத்து வெச்சாச்சு" என்றார்.