கொம்புச் சாயம் பூசிய போல்ட்டு

என் தம்பி இளையபெருமாள் எதைத் தொட்டாலும் பாதியில் விடமாட்டான். முட்டாள்தனத்தையும் அப்படித்தான். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், குத்தாலத்தில் ஒரு வைக்கோல்போருக்குப் பின்னால் கோழி அடைந்துகிடந்த வெள்ளைக்காரன் காலத்துக் காரை இழுத்துவந்து, வயலில் வேலை இல்லாதபோதெல்லாம் அதனடியில் படுத்துக்கிடந்தான். அறுபதாம் கல்யாணத்துக்குப் பெண்டாட்டி ரெங்கம்மாளைத் திருக்கடையூருக்கு இதில்தான் அழைத்துப்போவேன் என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்தான்.

கார் ஓடியது. முன்கதவுதான் நிற்கவில்லை. கீலுக்குக் கடையில் விற்கும் மில்லிமீட்டர் போல்ட்டைப் போட்டான். பார்வைக்கு ஒன்றுதான். கார் மரையோ இன்ச் கணக்கு. கொஞ்சம் உள்ளே போய் முரண்டு பிடித்தது. இவனும் பிடித்தான். போல்ட்டு முறிந்தது. முறிந்ததைக் குடைந்தெடுத்துவிட்டு, கதவைக் கயிற்றால் கட்டினான்.

ரெங்கம்மாள் பார்த்தாள். "பட்டுப்புடவையக் கட்டிக்கிட்டு வைக்கக்கட்டு மாதிரி வரவா? நான் பஸ்ஸுல வர்றேன். நீங்க காரையே கட்டிக்குங்க."

அவன் முகம் செத்துப்போனது. இன்ச் மரையில் பழைய படகு எஞ்சின் சாமான் கிடைக்கும் என்று அதிராம்பட்டினத்தில் மீரா உசேனின் இரும்புக்கடைக்குப் போனோம். போல்ட்டுக் குவியலில் ஒவ்வொன்றாக எடுத்து, கையோடு கொண்டுவந்த கார் நட்டில் விட்டுப் பார்த்தான். நான் டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது நீலத் தலையோடு சில போல்ட்டுகள் கண்ணில் பட்டன.

மாட்டுப்பொங்கலுக்குக் கொம்புக்குப் பூசிய சாயத்தில் மிச்சத்தை, என் வீட்டுக்காரர் இருந்தவரை தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்குப் போல்ட்டு போல்ட்டாக வைப்பார். பொட்டாம். எனக்குக்கூட அவ்வளவு பார்த்துச் செய்ததில்லை.

"பாய், இது எங்கேருந்து வந்துச்சு?"

"குத்தாலம் பக்கத்துலேருந்து ஒரு பழைய எஞ்சின் வந்துச்சும்மா. ஒடச்சுப் போட்டோம்."

தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை. போன வருஷம் "எடத்த அடைக்குதுக்கா" என்று நச்சரித்து, அதை இரும்புக்காரனிடம் ஏற்றிவிட்டவன் அவன்தான்.

"ஏண்டா, மோட்டார் கொட்டகையில கெடந்தத ஏத்திவிட்டுட்டு, கடலோரம் வந்து தேடுறியா?"

"எஞ்சின் போல்ட்டு கார்ல சேரும்னு அப்ப யாருக்குக்கா தெரியும்?"

நட்டில் விட்டான். வழுக்கிக்கொண்டு போனது.

மீரா உசேன் சிரித்துவிட்டார். "உங்க வூட்டு சாமான உங்களுக்கே விக்கவா? எடுத்துட்டுப் போங்கம்மா."

கிளம்பும் அன்று நீலத்தின்மேல் கார் நிறத்தைப் பூசப் பிரஷ்ஷோடு வந்தான். "தொட்ட, கைய ஒடிப்பேன்" என்றேன். ரெங்கம்மாள் கதவைப் பிடித்து ஆட்டினாள். மறுபடி ஆட்டினாள்.

"கயிறு எங்க?"

"மாட்டுக்குப் போட்டாச்சு" என்றான் தம்பி.

"சரி, நான் பின்னாடி உக்காந்துக்கறேன். அண்ணி, நீங்க முன்னாடி ஏறுங்க. உங்க வீட்டு போல்ட்டு."

நல்ல காரியத்துக்குப் போகும்போது தாலியறுத்தவளா முன்னால் என்று, கூட வர நின்ற சொந்தக்காரி ஒருத்தி முணுமுணுத்தாள்.

"நீ நடந்து வாயேன்டி" என்று சொல்லிவிட்டு, ஏறிக் கதவை அடித்துச் சாத்தினேன். திருக்கடையூர் வரை அது ஆடவே இல்லை.