அக்காவின் காலில் ஊர்ந்தது

என் அக்கா திருவொற்றியூர் குப்பத்தில் கருவாடு காய வைத்து விற்றவள். அவளிடம் போய்ப் புழு இருக்குமா என்று யாராவது கேட்டுவிட்டால் பொத்துக்கொண்டு வரும் கோபம். மழை நாளில் உப்பு குறைந்தால் ஈ உட்காரும், ஈ உட்கார்ந்தால் மறுநாளே புழு வைக்கும் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் சொல்லித் தெரிந்துகொண்டது இல்லை. ஒவ்வொரு மீனின் செவுளையும் பிரித்துப் பார்த்துத்தான் கூடையில் போடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் இது நடந்தது.

அவளுக்குச் சர்க்கரை. சில வருஷங்களாகவே வலது பாதம் மரத்துப்போயிருந்தது. நடக்கும்போது செருப்பு கழன்றால் பின்னால் வருகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். போன ஐப்பசி மழையில் குதிகால் வெடிப்பு புண்ணாகிவிட்டது. மஞ்சளைக் குழைத்துப் பூசி, பழைய புடவைத் துணியைச் சுற்றி, உப்புத் தண்ணீர் படாமலிருக்க மேலே பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். எங்கள் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். மத்தியானம் வெயில் தலைகாட்டினால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, புண் காயட்டும் என்று, காயும் மீனுக்குப் பக்கத்திலேயே காலை நீட்டி உட்காருவாள். கையில் துண்டை வைத்துக்கொண்டு மீனில் உட்காரும் ஈயை விரட்டுவாள். காலில் உட்கார்ந்தது அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் போன் செய்தாள். குரலே வேறாக இருந்தது.

"கால்ல இன்னாவோ குறுகுறுன்னு ஊர்ற மாறி கீதுடி. உணர்ச்சி வந்துகினு கீது போல."

விம்கோ நகரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினேன். அதற்குள் சேமியா பாயசம் வைத்துத் தெரு முழுக்கக் கொடுத்திருந்தாள். அரிக்கிறதாம், நடுநடுவே சுருக்கென்று குத்துகிறதாம். குத்தும்போதெல்லாம் சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். துணியில் ரத்தம் கலந்த நீர் கசிந்திருந்ததைப் பார்த்தோம். கெட்ட நீர் வெளியே போகிறது என்று நாங்களே தீர்ப்பும் சொல்லிக்கொண்டு, கட்டை அவிழ்க்காமலே விட்டோம். நாற்றம் அடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கருவாட்டு வீட்டில் எந்த நாற்றத்தை எதிலிருந்து பிரித்துப் பார்ப்பது? வெளியாள் யாராவது வந்திருந்தால் வாசலிலேயே மூக்கைப் பொத்தியிருப்பார். எங்கள் மூக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பிறகு குளிர்க்காய்ச்சல் வந்தது, கால் கணுக்கால்வரை வீங்கிச் சிவந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நர்ஸ் கட்டை அவிழ்த்தபோது புண்ணில் சின்னச் சின்னத் துளைகள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. டர்பென்டைன் எண்ணெயை ஊற்றியதும் புழுக்கள் நெளிந்துகொண்டு மேலே வந்தன. இடுக்கியால் எடுத்து எடுத்துத் தட்டில் போட்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஈ இட்ட முட்டை என்றார் டாக்டர். மரத்துப்போன காலில் இப்படி வருவதுண்டாம். மேலே மரத்தாலும் ஆழத்தில் கொஞ்சம் உணர்ச்சி மிச்சமிருக்குமாம், புழு குடைந்தது அங்கேதான் தெரிந்திருக்கிறது. புழுவை எடுத்துவிடலாம், ஆனால் அடியில் சதை அழுகி எலும்புவரை போய்விட்டது என்றார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அக்காவின் கால் போனதை எப்படியோ ஏற்றுக்கொண்டேன். நாங்கள் சிரித்த சிரிப்பைத்தான் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒரு சாயங்காலம் அவளுக்குத் தலை வாரிவிடும்போது வாய் சும்மா இருக்காமல், புழு ஊர்ந்ததற்குப் பாயசம் வைத்த குடும்பம் உலகத்திலேயே நம்முடையதுதான் என்று கொட்டிவிட்டேன். அவள் கோபப்படவில்லை.

"புழுவோ இன்னாவோ, போவட்டும். அந்தக் கொஞ்ச நாளு அது என் காலா இருந்துச்சுடி."