கரி என்று நினைத்துத் துடைத்தது

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் நாளுக்கு இரண்டு முறை ஜன்னல் விளிம்பைத் துடைப்பார்கள். வடக்கிலிருந்து காற்று வீசினால் அனல் மின் நிலையத்துச் சாம்பல் வரும். மற்ற நாட்களில் கண்டெய்னர் லாரிகள் கிளப்பிவிடும் தூசி. திருவொற்றியூரில் நாங்கள் இரண்டையும் சேர்த்துக் கரி என்றுதான் சொல்வோம். சட்டைக் காலரில் கறுப்பு தெரிந்தால் கரி. மூக்கைச் சிந்தும்போது கறுப்பு வந்தால் அதுவும் கரி. வேறு ஏதாவது இருக்கலாமோ என்று யோசிக்கும் பழக்கமே எங்களுக்குக் கிடையாது.

நான் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். வந்தது, போனது, இருப்பது என்று எழுதிப் பழகிய கை. வீட்டுக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். காற்று எந்தப் பக்கம், கரி குறைவா அதிகமா என்று காலையில் ஒரு வரி எழுதிய பிறகுதான் காபி.

மகள் தலைப்பிரசவத்துக்கு வரவிருந்தாள். ஒன்பதாம் மாதம் மண்டபத்தில் வளைகாப்பு முடிந்ததும் கையோடு அழைத்துவந்து, குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்வரை எங்களோடு வைத்துக்கொள்வதாகப் பேச்சு. சிறு வயதில் அவளுக்கு வீசிங் உண்டு. அதனால் படுக்கையறைக்குள் ஒரு துளி கரிகூட நுழையக்கூடாது என்று மழைக்காலத்துக்கு முன்பே ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கெல்லாம் ஸ்பாஞ்ச் டேப் ஒட்டினேன். மூலைகளில் டேப்பைச் சாய்வாக வெட்டிப் பொருத்தினேன். கணவர் பார்த்துவிட்டு, "நீ ஒட்டியிருக்கிற ஒட்டுக்கு உள்ள இருக்கிற கொசு மூச்சு முட்டியே செத்துடும்" என்றார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மழை வந்தது. வடக்குச் சுவரை ஒட்டிய சந்தில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. அது வடிந்த இரண்டாவது வாரம் சுவரின் கீழ்ப்பகுதியில் கறுப்புப் புள்ளிகள். கடுகைவிடச் சிறியவை. நோட்டில் எழுதினேன்: "படுக்கையறையில் கரி. எங்கோ இடுக்கு இருக்கிறது. டேப் மாற்ற வேண்டும்." டேப்பை மாற்றினேன். சுவரை ஈரத்துணியால் துடைத்தேன். மறுநாள் இன்னும் சில புள்ளிகள். மறுபடி துடைத்தேன். அதே துணியை அலசிப் பிழிந்து, கை அடங்காமல் பக்கத்துச் சுவரையும் துடைத்தேன். இப்படி மூன்று வாரம், ஒரு நாள் விடாமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விளக்கைப் போட்டுவிட்டு நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்துச் சுவரில் புள்ளிகள் வளைவு வளைவாக, விசிறி மடிப்பைப் போல எழும்பியிருந்தன. முழங்கையை ஊன்றி நான் துணியை ஓட்டிய வளைவுகள் அவை. கை எங்கே தொடங்கி எங்கே நின்றதோ அங்கேயே தொடங்கி அங்கேயே நின்றன. கிட்டப் போய்ப் பார்த்தேன். புள்ளிகளுக்கு மயிர் இருந்தது. கரிக்கு மயிர் முளைக்காது.

விரலால் தொட்டேன். தொட்டிருக்கக்கூடாது. பல் தேய்க்காத நாக்கைத் தொட்டது போல ஒரு வழவழப்பு. சோப்புப் போட்டு ஏழு முறை கழுவியும் விரல் என்னுடையதாகவே தோன்றவில்லை. அன்று முழுக்க இடது கையால் சாப்பாடு பரிமாறினேன்.

வடக்குச் சுவரை ஒட்டியிருந்த பீரோவைத் திறந்ததும் வாடை அடித்தது. ஊறிப்போன சாக்கும், மூடிவைத்து மறந்த டிபன் பாக்ஸும் கலந்த வாடை. கீழ்த்தட்டில், பிறக்கப்போகும் குழந்தைக்காகத் துவைத்து மடித்துவைத்த பழைய வேட்டித் துணிகள் இருந்தன. மொத்தம் பதினெட்டு. சுவர்ப் பக்கம் இருந்த ஆறின் மடிப்பு ஓரங்களில் சாம்பல் நிறத்தில் ரோமம். ஒன்றைப் பிரித்தபோது மெல்லிய சத்தத்துடன் பிரிந்தது, காயத்திலிருந்து பழைய கட்டு பிரிவது போல. உள்ளே பச்சை வட்டங்கள். அதில் ஒரு குழந்தையைச் சுற்றியிருப்பேன் என்று நினைத்தபோது வாயில் புளிப்பாக எச்சில் ஊறியது. வாஷ்பேசினுக்கு ஓடினேன்.

மதியம் தெருமுனையில் இருக்கும் பெயின்டர் வந்து பார்த்தார். பார்த்த உடனேயே சிரித்தார்.

"இன்னாக்கா, இத்தப் போயி கரின்னு தொடச்சிகினு இருந்தியா? இது பூசணம். நீ தொடைக்கல, நட்டுகினு இருந்துகீற. வரிசையப் பாரேன், நாத்து நட்டா மாரி கீது!"

"எப்படிப் போக்கறது?"

"பூச்ச செங்கல் வரிக்கும் பேத்து எட்த்துடணும். ஜன்னலத் தொறந்து போட்டுக் காயவுடணும், இருவது நாளு. மொதல்ல இந்த டேப்பப் பிச்சி எறி. செவுரு வேர்த்தா எங்கக்கா போவும்?"

வளைகாப்புக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"இப்போதைக்கு மேல பெயின்ட் அடிச்சா?" என்றார் கணவர்.

"ரெண்டு கோட்டுல பளிச்னு பூடும் நைனா. ரெண்டே மாசத்துல உள்ளேர்ந்து தலைய நீட்டி வணக்கம் சொல்லும்."

"ரெண்டு மாசம் போதுமே, அதுக்குள்ள பிரசவம் முடிஞ்சிடும்" என்றார் கணவர். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கு வேறு பயம். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது சம்பந்தியம்மா நாற்காலிக் கைப்பிடியில் விரலை ஓட்டி, விரல் நுனியைப் பார்த்து, "உங்க ஏரியா ரொம்பக் கலீஜ்தான் சம்பந்தி" என்று சிரித்தவர். வளைகாப்பன்று மகளைக் கொண்டுவந்து விடும்போது இந்த அறையில்தான் உட்காருவார். காலையில் வந்து பெயின்ட் அடிக்கும்படி சொல்லியனுப்பினோம்.

அன்று மாலை நோட்டில், "வடக்குச் சுவர்: சரியாகிவிடும்" என்று எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஸ்டோரில் கெட்டுப்போன சரக்கை நல்ல சரக்கு என்று ஒரு நாளும் எழுதியவள் இல்லை. மகள் ஆறு வயதில், வீசிங் வந்தால் படுக்க முடியாமல் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குக் கீழே ஒரு குழி விழும். சுவரைவிடவும் அந்த ஒரு வரிதான் அதிகம் குமட்டியது. கோடு போட்டு அடித்துவிட்டேன்.

காலையில் பெயின்டர் டப்பாவோடு வந்தார். "பெயின்ட் வேண்டாம், பேத்துடுங்க" என்றேன். கணவர் என்னைப் பார்த்தார். பிறகு பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். சுத்தியல் சத்தம் தொடங்கிய பிறகு ராயபுரத்தில் மகளின் புகுந்த வீட்டுக்குப் போன் செய்து, அறை தயாராகாது, மகள் சில வாரம் அங்கேயே இருக்க முடியுமா என்று சம்பந்தியம்மாவிடம் கேட்டேன். காரணத்தை ஒளிக்காமல் சொன்னேன்.

"அட, இதுக்கா சம்பந்தி இம்மாம் இழு இழுத்தீங்க? எங்க வூட்டு பீரோ பின்னால வந்து பாருங்க. போன மழைலேர்ந்து கீது. நானுந்தான் கரின்னு தொடச்சிகினு இருந்தேன். அப்பால பேஜாராப் பூட்ச்சி, பீரோவ இழுத்து மறச்சிட்டேன். வெளிய சொல்லாதீங்க, மானம் பூடும்."

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது. அடுத்த நொடியே அந்த வீட்டு அறை நினைவுக்கு வந்தது. அவர்கள் வீட்டில் பீரோ ஒன்றுதான். என் மகள் படுக்கும் கட்டில் அந்தப் பீரோவை ஒட்டித்தான் கிடக்கிறது.

"அவளுக்கு மூச்சு எப்படி இருக்கு?"

"விடிகாலைல லேசா கூவுது. மழ மாசத்துக்குச் சளின்னு நெனச்சேன்." குரல் இறங்கிவிட்டது. "ஐயோ, அதாலயா சம்பந்தி?"

கட்டிலை உடனே ஹாலுக்கு மாற்றச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் நானும் போய்ச் சேர்ந்தேன். மருமகனும் நானும் பீரோவை நகர்த்தினோம். பின்னால் சுவர் முழுக்க வெல்வெட் போர்த்தியது போல இருந்தது. அதில் ஒரு கரப்பான் சிக்கிச் செத்து, அதன் முதுகிலும் முளைத்திருந்தது. சம்பந்தியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மகளை அந்த அறை வாசல்படி தாண்டி உள்ளே வரவிடவில்லை. அன்றே மருத்துவரிடம் காட்டினோம். நெஞ்சில் விசில் இருக்கிறது என்றார், மருந்து எழுதினார், அந்த அறைப் பக்கம் போகக்கூடாது என்றார்.

வளைகாப்புக்கு முன்பே பெண்ணை அழைத்துப்போவது எங்கள் இரண்டு வீட்டிலும் வழக்கமில்லை. சம்பந்தியம்மாதான் முடித்துவைத்தார்: "மண்டபத்துக்கு எங்கேர்ந்து வந்தா இன்னா? வளையல் கைக்குத்தானே போடப் போறோம். கூட்டினு போங்க சம்பந்தி. எங்க வூட்டு செவுரையும் பேக்கணும், அந்தப் பெயின்டரை அனுப்புங்க."

மூன்றாம் நாள், பேர்த்த பூச்சையெல்லாம் மூட்டை கட்டி வெளியேற்றி, ஹாலை இரண்டு முறை கழுவிக் காயவிட்ட பிறகு அவளை அழைத்துவந்தேன். படுக்கையறையில் சிவப்புச் செங்கல் தெரிந்தது. அதன் ஜன்னலைத் தெருவைப் பார்க்க அகலத் திறந்துவைத்து, கதவைச் சாத்தி, கதவு இடுக்கில் மிச்சமிருந்த ஸ்பாஞ்ச் டேப்பை ஒட்டினேன். அவளுக்கு ஹாலில் படுக்கை. அங்கேயும் ஜன்னலைத் திறந்தேன். என் கை ஜன்னல் கொக்கியின் மேல் கொஞ்ச நேரம் நின்றது.

வளைகாப்பும் முடிந்து, அவள் வந்த பன்னிரண்டாம் நாள் காலையில் காபி போடும் முன் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டேன்.

"இன்னும் கூவுதாம்மா?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"இல்ல."

"அப்ப என்னைத் தூங்க விடேன்."

அவள் கால்மாட்டில் போர்வை மீது கரி படிந்திருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். பொடியாக உதிர்ந்தது. மயிர் இல்லை. காய்ந்த துணியால் தட்டிவிட்டேன். நோட்டில் எழுதினேன்: "காற்று வடக்கு. ஜன்னல் திறந்திருக்கிறது. கரி அதிகம். மூச்சு சுத்தம்."