இரண்டு கந்தையாக்கள்

இந்த ஏப்ரலில் நான் ஒரு மேரிக்குப் போய், ஓர் அண்ணனுக்கும் தங்கைக்கும் கல்யாணம் செய்து வையுங்கள் என்று கெஞ்சினேன்.

பதற வேண்டாம். அவர்கள் அண்ணன் தங்கை என்று சொன்னது நானல்ல, அந்த மேரி. மேரி என்றால் இங்கே பிரான்ஸில் நகரசபை. கல்யாணம், பிறப்பு, இறப்பு மூன்றுக்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். எந்தப் பகுதி மேரி என்று மட்டும் கேட்காதீர்கள். நாளைக்கு எனக்கும் ஒரு கையெழுத்து வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கே காணாமல் போகிறேன் என்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். லா ஷப்பேலில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்னச் சந்து. அதில் யூதர்கள் நடத்தும் ஓர் உதவிச் சங்கம். ஒரு காலத்தில் போலந்திலிருந்து ஓடி வந்த தங்கள் ஆட்களுக்காக ஆரம்பித்தது. இப்போது மாடியில் பெஞ்சு நிறைய நம் இலங்கைத் தமிழர்கள். கீழே பெரிய கூடம். அந்த வட்டாரத்து முதியவர்கள் ஞாயிறு மத்தியானம் அங்கே சாப்பிட்டுவிட்டுச் சீட்டாடுவார்கள்.

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், கதவு திறக்காது. ஞாயிறு திறக்கும். உணவகச் சமையலறைகளில் வேலை பார்க்கும் நம் பையன்களுக்கு வேறு எந்த அலுவலகம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிறது, சொல்லுங்கள்?

நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். வாரத்தில் ஐந்து நாள் அரசாங்க அலுவலகத்தில் முத்திரை குத்துபவள், ஆறாவது நாள் துணி துவைப்பவள், ஏழாவது நாள் இது. புதுச்சேரிக்காரிக்குத் தமிழும் தெரியும், பிரெஞ்சும் தெரியும் — போதாதா? போதவில்லை. முதல் ஞாயிறே ஒருவர் என்னிடம், "நான் இஞ்சை வந்து ஆரோடையும் கதைக்கேல்லை" என்றார். "இவர் யாருக்கும் கதை சொல்லவில்லையாம்" என்று நான் பிரெஞ்சில் சொன்னேன். சங்கத்தின் பொறுப்பாளர் மதாம் சில்பெர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சரி... ஏன் சொல்ல வேண்டும்?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் கதைப்பது என்றால் பேசுவது என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மதாம் சில்பெருக்கு அறுபது வயதிருக்கும். குள்ளம். கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. பொறுமை மட்டும் தொங்குவதில்லை, கிடையவே கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் ஒரு ஞாயிறு செல்வராசா வந்தான். பருத்தித்துறைப் பையன், அகதி அட்டை கிடைத்து ஒரு வருஷம், கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறான். கூடவே பவானி. சாவகச்சேரிப் பெண். வீட்டார் பேசி முடித்த சம்பந்தம். அவனைக் கட்டிக்கொள்வதற்காகவே மூன்று மாத விசாவில் வந்தவள். இரண்டு பேர் முகத்திலும் ரத்தமில்லை.

"என்னப்பா ஆச்சு?" என்றேன்.

"அக்கா, மேரியிலை கலியாணம் எழுத மாட்டம் எண்டிட்டினம்" என்றான் செல்வராசா. "நாங்கள் சகோதரங்களாம்."

காகிதங்களை வாங்கிப் பார்த்தேன். அவனுடைய அட்டையில் குடும்பப் பெயர்: கந்தையா. தகப்பன் பெயர்: கந்தையா. அவளுடைய விசாப் படிவத்தில் குடும்பப் பெயர்: கந்தையா. தகப்பன் பெயர்...

புரிந்துவிட்டதா? யாழ்ப்பாணத்தில் அப்பா பெயரை முன்னால் போட்டு, தன் பெயரைப் பின்னால் எழுதுவார்கள். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. பிரான்ஸிலோ குடும்பப் பெயர் இல்லாமல் ஒரு நாய்க்குட்டிகூடப் பதிவாகாது. ஆகவே இங்கே முன்னால் நிற்பதைப் பிடித்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். இவன் அப்பா பெயர் கந்தையா, இவள் அப்பா பெயரும் கந்தையா. அந்த ஊரில் கல்லெறிந்தால் ஏதாவது ஒரு கந்தையா மேல்தான் விழும். அதை மேரிக்கு யார் சொல்வது?

"விசா இன்னும் எத்தனை நாள்?" என்று மதாம் கேட்டார்.

"பத்தொன்பது நாள்" என்றாள் பவானி. மெல்லத்தான் சொன்னாள். ஆனால் சொன்ன விதத்தில் தெரிந்தது, அவள் தினமும் எண்ணுகிறாள் என்று.

கல்யாண அறிவிப்பு மேரி வாசலில் பத்து நாள் ஒட்டியிருக்க வேண்டும். மிச்சம் ஒன்பது நாள். ஊரிலிருந்து கடுதாசி வரவழைக்கலாமென்றால், போய்த் திரும்ப ஒரு மாதம். அங்கே அரசாங்கக் கச்சேரி திறந்திருக்கிறதா என்பதே நிச்சயமில்லை. விசா முடிந்தால் அவள் திரும்பிப் போக வேண்டியது யுத்தத்துக்குள், அந்த ஷெல்லடிக்குள்.

மதாம் சில்பெர் சிரிக்க ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்தது.

"மன்னியுங்கள்" என்றார். "என் அப்பா போலந்திலிருந்து வந்தபோது ஒரு குமாஸ்தா அவர் பெயரை சில்பெர் என்று எழுதினார். சித்தப்பாவை இன்னொரு குமாஸ்தா ஸில்வெர் என்று எழுதினார். கடைசிச் சித்தப்பா எழுதுபவர் தும்மும்போது போய் நின்றார் போலிருக்கிறது — அவர் சிபிர். ஒரே தாய் வயிற்றில் பிறந்த மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். உங்களுக்கோ இரண்டு அப்பாக்களுக்கு ஒரே பெயர். இந்த நாடு மொத்தக் கணக்கைச் சரி செய்துவிட்டது."

நான் மொழிபெயர்த்தேன். இந்த முறை சரியாகவே. பவானி அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

பிறகு மதாம் விண்ணப்பத்தை எடுத்து, கல்யாணத்துக்குப் பின் இருக்கப்போகும் முகவரி என்ன என்று கேட்டார். "திரான்சி" என்றான் செல்வராசா. பேனா நின்றது. அவருடைய அப்பாவை, யூதர் என்பதற்காக, உலகப் போர்க்காலத்தில் பிடித்து அடைத்து வைத்திருந்த ஊர் அது. அங்கிருந்து ரயிலில் ஏற்றிப் போனார்கள், அவர் திரும்பவில்லை. இது எனக்குத் தெரியும். அந்த இருவருக்கும் தெரியாது.

"நல்ல வீடா?" என்று கேட்டார் மதாம்.

"ஓம் மதாம். சின்னது. வெயில் வரும்."

"அப்படியானால் சரி" என்று சொல்லி, ஊர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார்.

திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டு, நான்கு பேருமாக மேரிக்குப் போனோம். கவுண்ட்டரில் இருந்தவர் மரியாதையான மனிதர். அதுதான் ஆபத்து. கத்துபவரோடு சண்டை போடலாம், மரியாதையானவரை என்ன செய்வது?

"அம்மா பெயர்கள் வேறு வேறாக இருக்கின்றனவே" என்றேன்.

"கவனித்தேன் மதாம்" என்றார். "ஒரு தகப்பன், இரண்டு தாய். அதையும் சட்டம் தடுக்கிறது."

பவானி கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து வைத்தாள். ஊரில் நிச்சயம் செய்த அன்று எடுத்தது. இரண்டு கந்தையாக்களும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு பேருக்கும் வழுக்கை, இரண்டு பேருக்கும் நெற்றி நிறைய விபூதி, தோளில் ஒரே மாதிரிச் சால்வை, ஒரே மாதிரி முறைப்பு. அவர் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இரண்டு பேர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சகோதரர்கள் மாதிரி இருக்கிறார்களே" என்றார். "அப்படியென்றால் பிள்ளைகள் ஒன்றுவிட்டவர்கள். அதற்குத் தடையில்லை..."

நான் சரி என்று தலையாட்டப் போனேன். மதாம் சில்பெர் என் காலை மிதித்தார். "பொய்யில் ஆரம்பிக்க வேண்டாம்" என்றார் என் காதில். "பிறகு பிள்ளைகள் அதைச் சுமக்க வேண்டும்."

கடைசியில் கவுண்ட்டர்காரரே ஒரு வழி சொன்னார். போட்டோ சாட்சியாகாது. மூன்று பேர் நீதிபதி முன்னால் வந்து, இரண்டு கந்தையாக்களும் வேறு வேறு ஆட்கள் என்று சொல்ல வேண்டும். நீதிபதி எழுதிக் கொடுத்தால் மேரி ஏற்கும்.

சாட்சிக்கு எங்கே போவது? லா ஷப்பேலில் அது ஒரு கேள்வியா? சாயங்காலம் ஒரு மளிகைக் கடையில் சொன்னோம். மறுநாள் சங்கத்து மாடிப்படியில் பதினான்கு பேர். ஒருவர் பருத்தித்துறைக் கந்தையாவை அறிவார். ஒருவர் சாவகச்சேரிக் கந்தையாவை. நான்கு பேர் மூன்றாவதாக ஒரு கந்தையாவை அறிந்திருந்தார்கள். அவர்களைத் தேநீர் கொடுத்து அனுப்பினோம். இரண்டு பேரையும் அறிந்தவர் திரேசா அக்கா ஒருத்திதான். சேலைக் கடையில் வேலை, ஊரில் பருத்தித்துறை வீட்டிலிருந்து சாவகச்சேரிப் பள்ளிக்கு பஸ்ஸில் போய்ப் படிப்பித்தவர்.

வியாழக்கிழமை நீதிபதி முன்னால் நின்றோம். நரைத்த தலைப் பெண்மணி. முதல் இரண்டு சாட்சிகளும் சுருக்கமாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள்.

"இரண்டு பேரையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பார்த்திருக்கிறீர்களா?" என்று நீதிபதி திரேசா அக்காவைக் கேட்டார்.

"ஓம், நெல்லியடிச் சந்தியிலை. ரண்டு பேரும் சண்டை பிடிக்கேக்கை" என்றார் திரேசா அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் மொழிபெயர்த்தேன். என்ன சண்டை என்று நீதிபதி கேட்டார்.

"செல்வராசாவின்ரை தேப்பன் தபால்காரர். பவானியின்ரை தேப்பன் பஸ் ஓடுறவர். இவரின்ரை பஸ் அவரின்ரை சைக்கிளை இடிச்சுப்போட்டுது. ஆளுக்கு ஒண்டுமில்லை. கடுதாசியெல்லாம் றோட்டிலை. பஸ்ஸிலை இருந்த நாங்கள் எல்லாரும் இறங்கிப் பொறுக்கிக் குடுத்தனாங்கள். நான் அண்டைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி."

எழுத்தர் டைப் அடித்துக்கொண்டிருந்தார். சைக்கிள், முன் சக்கரம், கடிதங்கள்... எல்லாம் பிரெஞ்சுக் குடியரசின் காகிதத்தில் ஏறிக்கொண்டிருந்தன.

"பேந்து ரண்டு பேரும் ஒரு தேத்தண்ணிக் கடையிலை இருந்து கதைச்சு, சிநேகிதமாகிப் போச்சினம். அதாலைதான் இந்தக் கலியாணமே" என்று முடித்தார் திரேசா அக்கா.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "வழக்குக்குத் தேவையில்லை, ஆனாலும் கேட்கிறேன். தவறு யார் மேல்?"

"பஸ்" என்றான் செல்வராசா.

"சைக்கிள்" என்றாள் பவானி.

ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். "உங்கடை அப்பா கை காட்டாமல் திரும்பினவராம்" என்றாள் அவள். "ஆர் சொன்னது? ஹோன் அடிக்காமல் வந்தது ஆர்?" என்றான் அவன். நான் எதை மொழிபெயர்ப்பது, எதை விடுவது?

"மொழிபெயர்க்க வேண்டாம் மதாம்" என்றார் நீதிபதி. "புரிகிறது. இவர்கள் அண்ணன் தங்கை இல்லை. பார்த்தாலே கணவன் மனைவி."

கையெழுத்துப் போட்டார். மதாம் சில்பெர் வெளியே தாழ்வாரத்துக்கு வந்து, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதில் எவ்வளவு சிரிப்பு என்று நான் ஆராயவில்லை.

வெள்ளிக்கிழமை அறிவிப்பு ஒட்டினார்கள். பத்து நாள் கழிந்து மேரியில் கையெழுத்து, விசாவுக்கு இன்னும் நான்கு நாள் மிச்சம் வைத்து. அடுத்த ஞாயிறு சங்கத்துக் கூடத்திலேயே தாலி கட்டு.

சமையலறையில் மட்டும் ஒரு சிக்கல் வரும் என்று பயந்தேன். அங்கே யூதர்களின் உணவு விதி — மாமிசத்தோடு பால் சேரக்கூடாது, பாத்திரங்களே தனித்தனி. மதாம் சில்பெர் எங்கள் பட்டியலை வாங்கிப் படித்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய், அப்பளம், பாயசம். "மாமிசம் எங்கே?" என்றார். கல்யாணச் சாப்பாட்டில் கிடையாது என்றேன். "முப்பது வருஷமாக இந்தச் சமையலறைக்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்" என்றார். "நீங்கள் முன்னாலேயே வந்திருக்கலாமே."

முதியவர்களுக்கு அன்று சீட்டாட்டம் இல்லை என்று சொல்லியிருந்தோம். அத்தனை பேரும் வந்துவிட்டார்கள், கோட்டு போட்டுக்கொண்டு. சாப்பாடு முடிந்ததும் இரண்டு ஓய்வு பெற்ற தையல்காரர்கள் ஒரு நாற்காலியைக் கொண்டு வந்தார்கள். அவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையை நாற்காலியோடு தூக்கி ஆடுவார்களாம். செல்வராசா தலைப்பாகையோடு கூரைக்குப் போனான். வேட்டியை ஒரு கையால் பிடிப்பதா, நாற்காலியைப் பிடிப்பதா? தூக்கியவர்களில் ஒருவருக்கு எழுபத்தெட்டு வயது. பக்கத்துக் கைகளெல்லாம் நம் பையன்களுடையவை. யார் பாட்டு, யார் தாளம் என்று தெரியாமல் கூடம் முழுவதும் சுற்றியது. நானும் சுற்றினேன். இரண்டு நாள் முழங்கால் வலி.

இப்போது பவானி கர்ப்பமாக இருக்கிறாள். போன வாரம் சங்கத்துக்கு இரண்டு கடிதங்களோடு வந்தாள். ஊரில் சேதி தெரிந்து, தபால்காரக் கந்தையா எழுதியிருக்கிறார்: பிள்ளைக்குப் பிரான்ஸில் குடும்பப் பெயராகத் தன் பெயர்தான் வருமாமே, பெருமையாக இருக்கிறது என்று. பஸ் கந்தையாவும் எழுதியிருக்கிறார். அதே வரி, அதே பெருமை.

"ரெண்டு பேருக்கும் என்னம்மா பதில் எழுதப்போற?" என்று கேட்டேன்.

எழுதியாயிற்றாம். இரண்டு கடிதத்திலும் ஒரே வரிதானாம்: "ஓம், உங்கடை பேர்தான்."